ஏழு டப்பாவும் ஒரு வயிறும்

மாடிப்படியின் கைப்பிடிச் சுவர்மேல் ஏழு டப்பாக்களை வரிசையாக வைத்திருந்தோம். வெள்ளை பிளாஸ்டிக், சிவப்பு மூடி, மூடியின் உட்புறத்தில் ஒரு சின்னக் கரண்டி. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதி ஒட்டியிருந்தது. பெயருக்கு உரிய ஏழு பேரும் லுங்கியோடு எதிரே நின்றோம்.

காலை எட்டு மணிக்குள் ஏழு டப்பாவிலும் அவரவர் மலம் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் கடை திறக்காது. கடை திறக்காவிட்டால் ஏழு பேருக்கும் பிழைப்பு இல்லை.

சப்ளையர் மொக்கை தன் டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

"எனக்கு இப்ப வராதுப்பா. மத்தியானத்துக்கு மேலதான் எனக்கு."

சால்னா மாஸ்டரும் அதையேதான் சொன்னார். எனக்கும் அப்படித்தான். ராத்திரிக் கடைக்காரர்களின் வயிறு வேறு மாதிரி. சாயங்காலம் அடுப்புப் பற்றவைத்து, ஊர் அடங்கியபின் பாத்திரம் கழுவிப் படுக்கிறவனுக்குக் காலை எட்டு மணி என்பது ஆழ்ந்த தூக்கத்தின் நடு. அந்த நேரத்தில் கண்ணைத் திறக்கவே முடியாது. மற்றது எப்படி முடியும்?

எங்களில் ஒருவருக்கு மட்டும் முடியும். பரோட்டா மாஸ்டர் சவரிமுத்துவுக்கு. எவ்வளவு தாமதமாகப் படுத்தாலும் விடியற்காலைப் பூசைக்கு எழுந்து கோயிலுக்குப் போய்விட்டு, சுக்குக் காப்பி குடித்து, கழிவறைக்குப் போய், மறுபடி படுத்துக்கொள்கிறவர் அவர்.

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

கடையும் தொப்பியும்

இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் நிலக்கோட்டைப் பூ வண்டியில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அந்த வேலையை விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மூட்டைக்குள் அடைபட்ட மல்லிகை நாள் முழுக்க மூக்கில் இருந்தால் தலை வலிக்கும். எனக்கு வலித்தது. ஒருநாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் மூட்டையை இறக்கிவிட்டு, வண்டிக்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, எதிரில் தெரிந்த தெருவுக்குள் நடந்தேன். நான் ஏழாவது வரை படித்தவன். என் வாழ்க்கையில் பெரும்பாலான முடிவுகளை இப்படித்தான் எடுத்திருக்கிறேன்.

அந்தத் தெருவில்தான் ஜோதியக்காவின் பரோட்டாக் கடை. பார்சல் கட்ட ஆள் வேண்டும் என்றார்கள். கட்டினேன்.

ஜோதியக்கா கணவர் இறந்தபின் கடையைத் தானே நடத்திவந்தார். கல்லாவில் உட்கார்ந்தபடி அடுப்படியில் உப்பு கூடியதைக் கண்டுபிடிப்பார். கல்லாவுக்குப் பின்னால் முருகன், மாதா, நாகூர் மினாரா மூன்றும் மாட்டியிருக்கும். நாலாவதாகக் கடையின் லைசென்ஸ். அதற்கும் சட்டம், அதற்கும் கண்ணாடி, அதற்கும் பூ. வெள்ளிக்கிழமைதோறும் மூன்று சாமிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற அக்கா, மீதியை லைசென்ஸுக்கும் வைப்பார். எத்தனையோ வெள்ளிக்கிழமை. கடைசியில் அதிலிருந்த எண்ணும் தேதியும் சந்தனத்துக்கு அடியில் போய்விட்டன.

முடிக்கு மாட்டுகிற தொப்பி ஏழு இருந்தது. மாவு டிரம்முக்குப் பின்னால் ஒரு கவரில் கட்டிவைத்திருந்தோம். சோதனைக்கு ஆள் வருவது தெரிந்தால் முன்தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் போன் செய்வார். "மழை வாரது மாதிரி இருக்குக்கா" என்பார். கோடைக்காலத்திலும் அதையேதான் சொல்வார். உடனே தொப்பி ஏழும் ஏழு தலைக்குப் போகும். மொக்கையின் தலை பெரிது. அவனுக்கு எந்தத் தொப்பியும் நிற்காது. தூக்குப்போணி மூடி மாதிரி உச்சியில் உட்கார்ந்திருக்கும்.

வாங்க போங்க என்று சீல் வைப்பவர்

அந்தத் தடவை மழை வருவதாக யாரும் சொல்லவில்லை. மத்தியானம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது நேரே வந்து நின்றார் சுகாதார ஆய்வாளர் நாச்சிமுத்து. ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. அவர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. தெருவில் குப்பை கொட்டுகிறவரிடமும், "ஏனுங்க, இது நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அபராதம் எழுதுவார். யார் கடையிலும் டீ குடிக்க மாட்டார். பையில் வீட்டுத் தண்ணீர் வைத்திருப்பார்.

இதற்கு முன்னால் ஒருதரம் லைசென்ஸ் எண்ணைக் குறிக்க வந்து, சந்தனத்தைப் பார்த்தார். பிறகு, "கும்பிடுறது தப்பில்லீங்க. படிக்கிற மாதிரி கும்பிடுங்க" என்றார். அக்கா அன்றே ஈரத்துணியால் துடைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை சட்டத்தின் நாலு மூலையில் மட்டும் வைத்தார்.

இந்தத் தடவை வந்தது வேறு விஷயம். பக்கத்துத் தெருக்களில் சில வீடுகளில் காய்ச்சல். சில பிள்ளைகள், ஒரு கல்லூரி மாணவி. ஆஸ்பத்திரியில் பார்த்ததில் டைபாய்டு. ஆஸ்பத்திரிக்காரர்கள் சுகாதாரப் பிரிவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இவர் முதலில் வீடு வீடாகத் தண்ணீரைச் சோதித்திருக்கிறார். தண்ணீர் சரியாக இருந்திருக்கிறது. அப்புறம் காய்ச்சல் வந்தவர்கள் எங்கெங்கே சாப்பிட்டார்கள் என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் எங்கள் கடையில் பார்சல் வாங்கியிருந்தார்கள்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. பத்து வருடமாகக் கடை நடத்துகிறேன், ஒருத்தருக்கும் ஒன்றும் வந்ததில்லை என்றார். நாச்சிமுத்து மறுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். எங்கள் நகங்களைப் பார்த்தார். பின்கட்டுக் கழிவறையில் சோப்பு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

கடையை மூடச் சொன்னார். ஏழு பேரின் மலத்தையும் பரிசோதித்து, சுத்தம் என்று வந்தபிறகுதான் திறக்கலாம். கதவில் நோட்டீஸ் ஒட்டும்போது, "கோவிச்சுக்காதீங்கம்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் பசை தடவினார். பையிலிருந்து ஏழு டப்பாவை எடுத்து என்னிடம் கொடுத்தார். கதவுக்குப் பக்கத்தில் நின்றவன் நான்.

வைரம் பாய்ந்த வயிறு

மறுநாள் காலையில்தான் அந்தப் படிக்கட்டு.

யோசனை மொக்கையுடையது. சவரிமுத்து மாஸ்டருக்குத்தான் காலையில் சரியாக வருகிறதே, ஏழு டப்பாவுக்கும் அவருடையதே போதாதா?

சால்னா மாஸ்டர் தயங்கினார். அதற்கு மொக்கை சொன்ன காரணத்தை இப்போது நினைத்தாலும் வாயடைத்துப் போகிறது.

"ஏலே, மாஸ்டருக்கு நாலு வருசத்துக்கு முந்தி இதே டைபாய்டுதான வந்துச்சு? வந்து பொழச்சு எந்திரிச்சவரு. ஒருக்கா வந்த ஒடம்புக்கு அது திரும்பி வருமா? நம்ம வயித்துல என்ன கெடக்குன்னு யாருக்குத் தெரியும். அவரு வயிறு வைரம் பாஞ்சது."

எங்கள் ஏழு பேருக்கும் அது சரியாகத்தான் பட்டது. அம்மை வந்து இறங்கியவரை அம்மை வார்த்த வீட்டுக்குத் துணைக்கு அனுப்புவது போன்ற நியாயம். சவரிமுத்துவுக்கும் கொஞ்சம் பெருமைதான். ஒல்லியான மனிதர், தோள் மட்டும் பலகை மாதிரி. "என்னமோ பண்ணித் தொலைங்கடா" என்று சொல்லிவிட்டு ஒரு பழைய பேப்பரை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

பங்கு வைத்தது நான். எனக்கு அருவருப்பு கிடையாது. அதற்கு முன்னால் ஆறேழு மாதம் கழிவுநீர் லாரியில் குழாய் பிடித்திருக்கிறேன். வீட்டுத் தொட்டியில் உறிஞ்சி, பதிவு செய்த லாரியில் ஏற்றி, சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும் என்று அதற்கும் ஒரு அனுமதி உண்டு. வேலை கஷ்டமில்லை. டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் எழுந்துவிடுவார். அதுதான் கஷ்டம். குளித்துவிட்டுத்தான் போவேன். அப்படியும் எழுந்துவிடுவார்.

ஏழு டப்பாவையும் மூடி, ஜவுளிக்கடைப் பை ஒன்றில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மடியில் பையை அணைத்தபடி இருந்த என்னைப் பார்த்து எதிரில் இருந்த அம்மாள், "என்ன தம்பி, விசேசமா? பலகாரம் கொண்டு போறீகளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒரே கிருமி

முடிவு வர நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். அதுவரை சும்மா இருந்தோம். சும்மா இருப்பது எனக்குப் பழக்கம். மற்றவர்கள் பாவம். சவரிமுத்து மாவு இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். அவருடைய மனைவியும் மகளும் சின்னாளபட்டிப் பக்கம் கிராமத்தில். மாதம் ஒருமுறை போய்வருவார்.

நாச்சிமுத்து வந்தார். பூட்டிய கடைக்குள் பெஞ்சில் எங்களை வரிசையாக உட்காரவைத்தார். அக்கா கல்லாவில். அவர் நின்றபடியே பேசினார்.

"ஏழு பேருத்துக்கும் டைபாய்டு கிருமி இருக்குதுங்க."

அக்கா கல்லாவை விட்டு எழுந்தார்.

"ஏழும் ஒரே கிருமிங்க. ஒண்ணு எந்த மருந்துக்குச் சாகுதோ அதே மருந்துக்குத்தான் ஏழும் சாகுது. லேப்ல எங்கிட்டச் சிரிக்கிறாங்க. ஏனுங்க, உங்க ஏழு பேருத்துக்கும் சேர்த்து ஒரே வயிறுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். சிலருக்குக் காய்ச்சல் போய்விடும், கிருமி போகாது. பித்தப்பையில் குடியிருக்கும். அவருக்கு ஒரு தொந்தரவும் செய்யாது. தினமும் மலத்தில் வெளியே வரும். கை சரியாகக் கழுவாவிட்டால் கையில் ஒட்டும்.

கல்லில் வேகும்போது கிருமி செத்துவிடாதா என்று அக்கா கேட்டார்.

"சாகுமுங்க. வெந்து எடுத்தப்புறம் அடுக்கி வெச்சு ரெண்டு கையிலயும் அடிக்கிறாங்களே, அங்க வருதுங்க."

அடிக்கிற கை எங்கள் கடையில் ஒன்றுதான்.

"உங்கள்ல யாருக்காச்சும் முன்ன டைபாய்டு வந்துதுங்களா?"

ஆறு பேரும் சவரிமுத்துவைப் பார்த்துவிடக் கூடாதென்று பாடுபட்டோம். ஒருவன் விட்டத்தைப் பார்த்தான். மொக்கை தன் கால்விரலைப் பார்த்தான். சவரிமுத்து மட்டும் ஆய்வாளரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளருக்கு அப்போதே யாரென்று தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் ஒருவரையும் சுட்டவில்லை. நாளை மறுநாள் ஏழு பேரும் சுகாதார நிலையத்துக்கே வர வேண்டும், அவர்களுடைய கழிவறையில், வெளியே ஆள் நிற்க, அவரவர் டப்பாவில் அவரவர் கொடுக்க வேண்டும் என்றார்.

"எங்களுக்குக் காலையில வராதுங்களே" என்றான் மொக்கை.

"எப்ப வருதோ அப்பக் குடுங்க. நாங்க உக்காந்திருக்கறோமுங்க."

திருப்பூர் பஸ்

அவர் போனபிறகு அக்கா கதவைச் சாத்தினார். சவரிமுத்துவைத் திட்டவில்லை. எங்களைத்தான் திட்டினார். எழுத முடியாத வார்த்தைகள். திட்டி முடித்துவிட்டு ஒரு போன் செய்தார். திருப்பூரில் தெரிந்தவர் கடையில் பரோட்டா மாஸ்டர் வேண்டுமாம். எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்லிவிட்டார்கள்.

பரோட்டா மாஸ்டர் வேலை அப்படிப்பட்டது. சான்றிதழ் கேட்க மாட்டார்கள். கல்லுக்கு முன்னால் நின்று ஒரு வீச்சு வீசிக் காட்டினால் போதும். காலையில் ஒரு ஊரில் கோபித்துக்கொண்டு கிளம்பியவர் சாயங்காலம் இன்னொரு ஊரில் மாவு உருட்டுவார். யாரும் தேடப்போவதில்லை.

அக்காவின் கணக்கு எளிது. சவரிமுத்து போய்விட்டால் மிச்சம் ஆறு பேர் நியாயமாகக் கொடுப்போம். கடை திறந்துவிடும். மாஸ்டர் எங்கே என்று கேட்டால், வேலையை விட்டுப் போய்விட்டார், போன் எடுப்பதில்லை. அது தினமும் நடக்கிற கதை. அவருக்கும் வேலை உண்டு, எங்களுக்கும் உண்டு. நானும் யோசித்துப் பார்த்தேன். யாருக்கும் நட்டமில்லாத ஏற்பாடு என்றுதான் தோன்றியது. திருப்பூரில் சாப்பிடப்போகிறவர்கள் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

சவரிமுத்து பையைக் கட்டினார். பஸ் ஏற்றிவிட என்னை அனுப்பினார் அக்கா. ஓடிப்போவதில் அனுபவம் உள்ளவன் என்று நினைத்திருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. பாதி இருக்கைகள் நிரம்பியிருந்தன. கிளம்ப நேரம் இருக்கிறது என்றார் கண்டக்டர். கொய்யாப்பழம் விற்கிறவர் ஜன்னல் ஜன்னலாகப் போய்க்கொண்டிருந்தார். சவரிமுத்து ஏறவில்லை. படிக்குப் பக்கத்தில் பையைத் தோளில் மாட்டியபடி நின்றார்.

"மாப்ள, நான் ஊருக்குப் போனா வீட்டுல யாரும் சமைக்க மாட்டாக. தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"எம் மக விட மாட்டா. அப்பா கையால பெசஞ்சு குடுத்தாத்தான் திம்பேம்பா. வயசு பதினேழாச்சு. இன்னும் கைய நீட்டுவா." கண்டக்டர் விசில் ஊதிப் பார்த்துக்கொண்டார். "போன வருசம் அவளுக்கு ரெண்டு தடவ காச்சல். ரெண்டும் நான் வந்துட்டுப் போன பொறவு. ஆஸ்பத்திரில ஊசி போட்டாக, சரியாச்சு. தண்ணி சேரலன்னு நெனச்சோம்."

பையை மறுதோளுக்கு மாற்றினார். 

"திருப்பூருல இருந்தாலும் மாசம் ஒருக்கா அங்கதான போவேன்."

பஸ் கிளம்பியது. படியில் நின்ற கண்டக்டர் எங்களைப் பார்த்து, ஏறுகிறீர்களா இல்லையா என்று கையைக் காட்டினார். சவரிமுத்து இல்லை என்று தலையை ஆட்டினார். வண்டி போனதும், அந்த இன்ஸ்பெக்டர் ஆபீஸ் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். ஏறாமல் விட்டவரோடு நடந்து போனது அன்றைக்குத்தான்.

சுகாதாரப் பிரிவு மாடியில் இருந்தது. நாச்சிமுத்து தூக்குப்போணியைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சவரிமுத்து வாசலிலேயே நின்று, "ஏழும் என்னுதுதான் சார்" என்றார்.

நாச்சிமுத்து கையைக் கழுவிவிட்டு வந்தார். "உக்காருங்க" என்றார். பையைப் பார்த்தார். எந்த ஊருக்கு என்று கேட்கவில்லை. "உங்கள மாதிரி ஆளுக தானா வர்றதில்லீங்க. நாங்கதான் ஊர் ஊரா போன் போடோணும்" என்றார். அப்புறம் முதல் கேள்வியே, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான்.

மாத்திரையும் பூவும்

மற்ற ஆறு பேரும் முறைப்படி கொடுத்தோம். மொக்கை சாயங்காலம் வரை அந்த வளாகத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். டைபாய்டு ஒருவருக்கும் இல்லை. ஆனால் மொக்கைக்குக் கொக்கிப்புழு, சால்னா மாஸ்டருக்கு அமீபா, எனக்கு வெளிநாட்டு எழுத்தாளர் பெயர் மாதிரி நீளமான பெயரில் ஏதோ ஒரு புழு. மாத்திரை கொடுத்தார்கள். நம்ம வயிற்றில் என்ன கிடக்கிறதோ என்று மொக்கை சொன்னது ஒன்றுதான் அவன் சொன்னதில் உண்மை.

காய்ச்சல் வந்த பிள்ளைகள் தேறிவிட்டார்கள். அந்த மாணவியும் தேறிக் கல்லூரிக்குப் போனாள். கடை திறந்தது. மதுரையிலிருந்து வேறு மாஸ்டர் வந்தார். பின்கட்டில் சோப்பு கட்டித் தொங்கவிட்டோம். எங்கள் எல்லாருக்கும் தடுப்பூசி போட்டார்கள்.

சவரிமுத்துவுக்கு ஒரு மாதத்துக்கு மாத்திரை. அதன்பிறகு இடைவெளி விட்டு மூன்று முறை பரிசோதனை. மூன்றிலும் கிருமி இல்லை என்று வரும்வரை சாப்பாட்டுப் பண்டம் எதையும் தொடக்கூடாது. அவர் மனைவிக்கும் மகளுக்கும் நாச்சிமுத்து சொல்லி, அவர்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தார்கள். அவர்களிடம் கிருமி இல்லை.

சாப்பாடு தவிர வேறு வேலை தெரியாத மனிதர். பழைய பழக்கத்தில் நிலக்கோட்டைப் பூ வண்டிக்காரரிடம் கேட்டேன். சேர்த்துக்கொண்டார். பூவை யாரும் தின்பதில்லை. மல்லிகை மூட்டை ஏற்றி இறக்கினார் சவரிமுத்து. அவருக்குத் தலை வலிக்கவில்லை.

முதல் பரிசோதனையில் கிருமி இருந்தது. மறுபடி வேறு மாத்திரை, மறுபடி முதலிலிருந்து. அப்போது ஒருநாள் அவர் என்னிடம், அறுவை செய்து பித்தப்பையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதாகவும், இந்த மாத்திரைக்குப் போகாவிட்டால் அதற்கும் சம்மதித்துவிட்டதாகவும் சொன்னார். ஏதோ சட்டைப் பொத்தானைப் பற்றிப் பேசுவது மாதிரி சொன்னார். நல்லவேளை, தேவைப்படவில்லை. கோடை முடிந்து மழை விழுந்த சமயத்தில் மூன்று முறையும் இல்லை என்று வந்துவிட்டது.

யோசித்துக்கொண்டே

ஜோதியக்கா அவரைத் திரும்ப எடுக்கவில்லை. தெருவுக்கே விஷயம் தெரிந்திருந்தது. பார்சல் வாங்க வருகிறவர்கள் முதலில் கல்லுக்கு முன்னால் நிற்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்கள். அக்கா அதை அவரிடம் நேராகவே சொன்னார். பின்கட்டில் கிடந்த பழைய பரோட்டாக் கல்லை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மன்னிப்பு என்று எதையும் சொல்லவில்லை. அந்தக் கல்லை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது.

தள்ளுவண்டிக்கு அனுமதி வாங்க நாச்சிமுத்துவிடமே போனார் சவரிமுத்து. அதற்கென்று தயவு எதுவும் காட்டவில்லை அவர். எல்லாருக்கும் உள்ளதைத்தான் கேட்டார். குழாய் வைத்த தண்ணீர் டிரம், சோப்பு, மூடி போட்ட குப்பைக்கூடை, மருத்துவச் சான்று. வண்டி நிற்கிற இடத்தை வந்து பார்த்தார். சாக்கடைக்குப் பக்கம் இருக்கிறது, நாலு அடி தள்ளிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள் சாயங்காலம் நான் போனேன். அன்று அக்கா கடைக்கு வாரவிடுமுறை. சவரிமுத்து வண்டியின் பின்னால் நின்றார். மாவு உருண்டைகள் எண்ணெயில் பளபளத்தன. அனுமதி அட்டையை வண்டியின் முன்பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தார். அதில் அவர் பெயரும் போட்டோவும் இருந்தன. தயங்குகிறவர்கள் விலகிப்போக அதுவே போதும். விலகிப்போனார்கள். பைக்கில் வந்து நிறுத்திய இருவர் பெயரைப் படித்துவிட்டு, தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர் அதைப் பார்க்காதது மாதிரி கல்லைத் துடைத்தார்.

"எத்தன போட மாப்ள?"

"ரெண்டு மாஸ்டர்."

குழாயைத் திறந்து, முழங்கை வரை சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். வீசினார், சுற்றினார், தட்டினார், கல்லில் போட்டார். எண்ணெய் சீறியது. திருப்பிப்போட்டு எடுத்தார். அடுக்கினார். இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் அடித்தார். அந்தச் சத்தத்தை நான் மாதக்கணக்கில் கேட்டிருக்கவில்லை. மடல் மடலாக விரிந்த பரோட்டாவை இலையில் போட்டு நீட்டினார்.

வாங்கினேன். வாங்கியபிறகு என் கை நின்றுவிட்டது. கழிவுநீர் லாரியில் குழாய் பிடித்த கை, அவருடைய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனவனின் கை. மூன்று பரிசோதனையின் முடிவையும் கூடவே போய் வாங்கிவந்தவன் நான். எல்லாம் தெரியும். ஆனாலும் நின்றது.

அவர் பார்த்துவிட்டார். முகம் சுண்டவில்லை. கரண்டியை எடுத்துச் சால்னாவைக் கலக்கியபடி சொன்னார்.

"பரவால்ல மாப்ள. யோசிச்சுக்கிட்டே தின்னு. நேத்து எம் மகளுக்குப் பெசஞ்சு குடுக்கும்போது நானும் யோசிச்சுக்கிட்டேதான் குடுத்தேன்."

பிய்த்து வாயில் போட்டேன். உப்பு சரியாக இருந்தது. இரண்டையும் தின்றுவிட்டு, பசியில்லாவிட்டாலும் இன்னும் இரண்டு போடச் சொன்னேன். அந்தப் பக்கமாகப் போன ஒருவர் நான் தின்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.